மொட்டைமாடிக்குக் கீழே ஒற்றை ரூம், கையில் 5,000 ரூபாய்: டெல்லி வெயிலை ஏசி இல்லாமல் தாண்ட முடியுமா?

பர்சாதிவாசி | மே 11, இரவு 11.52

வணக்கம் மக்களே. பழைய ராஜிந்தர் நகர்ல நாலாவது மாடியில குடியிருக்கேன். தலைக்கு மேலே தளம், தளத்துக்கு மேலே நேரா வானம். பத்துக்குப் பன்னிரண்டு ரூம். கிழக்கே பால்கனிக் கதவு, மேற்கே ஒரு ஜன்னல். அவ்வளவுதான் வீடு. பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருக்கேன், படிக்கறேன்னு சொல்றதைவிட வேர்த்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லலாம்.

இப்ப மணி பன்னிரண்டு ஆகப்போகுது. மேசை மேல வச்சிருக்கிற குட்டி தெர்மாமீட்டர் 37.4 காட்டுது. அதையே பால்கனியில அரை மணி நேரம் வச்சுப் பார்த்தேன், 32. வெளியைவிட உள்ளே அஞ்சு டிகிரிக்கு மேல கூட. ஃபேனைப் போட்டா உச்சந்தலையில ஹேர் டிரையர் பிடிச்ச மாதிரி இருக்கு.

வீட்டுக்காரர் சப் மீட்டர் வச்சு யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குறார். ஏசி போடக்கூடாது, வயரிங் தாங்காதுன்னு மொதல்லயே சொல்லிட்டார். என்னால ஒதுக்க முடிஞ்சது 5,000. அதுக்கு ஒரு பெரிய கூலரா வாங்கிப் போட்டா பிரச்சினை தீர்ந்துடுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ஏசி_கட்சி | மே 12, காலை 7.10

5,000-க்கு நல்ல யோசனை ஒண்ணு இருக்கு தம்பி. டெம்போ பிடிச்சு ரெண்டாவது மாடிக்கு வீட்டை மாத்துங்க.

கிண்டல் இல்லை, டெல்லியில மேல்மாடி வாடகை ஏன் குறைச்சலா இருக்குன்னு நினைக்கிறீங்க? அந்த மிச்சத்தை மே, ஜூன்ல உடம்பால கட்டறோம். கூலர், தட்டி, பானைன்னு நாட்டு வைத்தியம் பண்ணி நானும் மூணு வருஷம் வீணாக்கினேன். கடைசியில ஏசிதான்.

துவாரகா_பென்ஷனர் | மே 12, காலை 9.35

தம்பி, கூலர் வாங்கக் கிளம்பும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். இன்று ராத்திரி பத்து மணிக்கு நாற்காலி போட்டு ஏறி, உள்ளங்கையை சீலிங்கில் வையுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு ஏறுங்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு அதே கையைக் கிழக்குச் சுவரில் வையுங்கள். எது சுடுகிறது என்று எழுதுங்கள்.

எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். கட்டடப் பணியில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன். உங்கள் தலைக்கு மேல் இருப்பது நாலு, அஞ்சு அங்குல கான்கிரீட். பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, நாலைந்து மணி நேரம் தாமதமாக அதை உள்பக்கம் இறக்கும். மத்தியானம் ரெண்டு மணி வெயில் உங்கள் தலையில் இறங்குவது சாயங்காலம் ஏழுக்கு. பன்னிரண்டு மணி ஆனாலும் அந்த அடுப்பு அணைவதில்லை. ஃபேன் பாவம், சீலிங்கை ஒட்டி நிற்கும் சுடுகாற்றைத்தான் அதால் கீழே தள்ள முடியும்.

நம் ஊரில் பழைய வீட்டு மொட்டைமாடியில் என்ன செய்தார்கள்? செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்போடு கலந்து கொட்டி, கட்டையால் அடித்து அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதித்தார்கள். இந்தப் பக்கத்து ஆட்கள் மண்ணில் வைக்கோல் பூசாவைப் பிசைந்து நாலு அங்குலத்துக்குப் போட்டு, மேலே செங்கல் ஓடு பரப்பினார்கள். மட்டி புஸ்கா என்பார்கள். ரெண்டுக்கும் காரியம் ஒன்றே: வெயில் கான்கிரீட்டைத் தொடக்கூடாது. இப்போது வாடகைக்கென்றே கட்டுகிற மாடிகளில் அந்தச் செலவை மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். வெறும் சிமெண்ட் தளம், அதுவும் மழைப்பாசி காய்ந்து கருத்துப்போய்.

நீங்கள் குடித்தனக்காரர், மட்டி புஸ்கா போட முடியாது. ஆனால் வெள்ளை அடிக்கலாம். சூனா, அதாவது நம் சுண்ணாம்பு. வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி வானத்துக்கே அனுப்பிவிடும். இதை முதலில் செய்யுங்கள். அடுப்பை எரியவிட்டுப் பக்கத்தில் ஐஸ் வைத்தால் ஆகுமா? கூலர் அப்புறம்.

பர்சாதிவாசி | மே 12, இரவு 10.25

சார், கையை வச்சேன். எடுத்துட்டேன். சுவர் சும்மா வெதுவெதுன்னு இருக்கு. சீலிங் இட்லிப் பானை மூடி மாதிரி.

சூனா எப்படி அடிக்கறது? ஊர்ல பொங்கலுக்கு முன்னாடி ஆள் வந்து அடிப்பாங்க, நான் நின்னு வேடிக்கை பார்த்ததோட சரி.

திருநெல்வேலிக்காரன் | மே 12, இரவு 10.41

சுண்ணாம்பெல்லாம் ஒரு மழைக்குத் தாங்காது பாத்துக்கிடுங்க. கூல் ரூஃப் பெயிண்டுன்னு தனியா வருது. எங்க சொசைட்டி மாடிக்கு அடிச்சோம், மூணு வருஷமா நிக்கி. காசு கூடத்தான், ஆனா ஒருதரம் செலவு பண்ணா முடிஞ்சு போச்சு.

துவாரகா_பென்ஷனர் | மே 13, காலை 6.20

திருநெல்வேலிக்காரர் சொல்வது சொந்த வீட்டுக்குச் சரி. வாடகைக்கு இருப்பவர் அடுத்த வருஷம் எந்தத் தெருவில் இருப்பாரோ, வீட்டுக்காரர் மாடிக்கு எதற்கு மூணு வருஷப் பெயிண்ட்? மே, ஜூன் ரெண்டு மாசம் நின்றால் போதும். மழை வந்து கழுவிக்கொண்டு போகட்டும். குளிர்காலத்தில் அதே வெயில் உள்ளே வந்தால் உங்களுக்குத்தான் லாபம், ஜனவரியில் என்னை நினைப்பீர்கள்.

செய்முறை சொல்கிறேன். முதலில் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மாடி அவருடையது.

நீர்த்த சுண்ணாம்புத் தூளாகக் கேட்டு வாங்குங்கள், பத்து கிலோ போதும். கட்டிச் சுண்ணாம்பு வேண்டாம். தண்ணீர் பட்டால் கொதிக்கும், பக்கத்தில் குனிந்தால் கண் போய்விடும். தூளை ராத்திரியே பக்கெட்டில் ஊறவையுங்கள். காலையில் துணியில் வடித்து, மோர் பதத்துக்குக் கரைத்து, ஃபெவிகால் டிடிஎல் அரைக் கிலோ ஊற்றிக் கலக்குங்கள். அந்தக் காலத்தில் கஞ்சியும் உப்பும் போடுவார்கள், பிடிப்புக்கு.

தளத்தைக் கம்பித் துடைப்பத்தால் தேய்த்துப் பாசி, தூசி எல்லாம் போகக் கழுவ வேண்டும். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். தூசி மேல் அடித்த சுண்ணாம்பு அப்பளம் மாதிரி உரிந்து வரும். தளம் ஈரமாக இருக்கும்போதே முதல் கை, அது காய்ந்ததும் குறுக்காக ரெண்டாவது கை. சூரியன் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். சூட்டில் அடித்தால் சுண்ணாம்பு இறுகாது, வெறும் மாவாக நிற்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்துத்தான் அது கல்லாகிறது, அதற்கு ஈரமும் நேரமும் வேண்டும். கண்ணாடி, கையுறை, காலில் செருப்பு கட்டாயம்.

நீலம் போடாதீர்கள். உங்கள் மாடியை யாரும் பெண் பார்க்க வரப்போவதில்லை.

முனிர்க்கா_மீனா | மே 13, காலை 11.02

சார் தளத்தைப் பார்த்துக்கிட்டார், நான் கூலருக்கு வரேன். பதினொரு வருஷமா டெல்லி, ஏழு வீடு, ரெண்டு கூலர். இந்த விஷயத்துல எனக்கு டாக்டர் பட்டமே கொடுக்கலாம்.

தம்பி, நம்ம ஆளுங்க கூலர்ல பண்ற பெரிய தப்பு, ஏசி மாதிரி கதவு ஜன்னலெல்லாம் சாத்திட்டு ரூம் நடுவுல வைக்கறது. முதல் பத்து நிமிஷம் சுகமா இருக்கும். அப்புறம் கொழகொழன்னு ஆயிடும், பாய்கூட ஈரமாத் தெரியும். "கூலர் வேலைக்காகாது"ன்னு கொண்டுபோய் ஓரமாப் போட்டுடுவாங்க. கூலர் வெளிக்காத்தை எடுத்து ஈரத்துல நனைச்சு உள்ளே அனுப்புது. அந்த ஈரக்காத்து வெளியே போக வழி விடணும். ஒரு பக்கம் கூலர், எதிர்ப்பக்கம் ஜன்னல் திறந்து. இவ்வளவுதான் சூட்சுமம்.

உங்க ரூமுக்கு இது அம்சமா அமைஞ்சிருக்கு. கிழக்குப் பால்கனியில கூலரை வச்சு மூஞ்சியைக் கதவு வழியா உள்ளே திருப்புங்க. மத்தியானத்துக்கு மேல அங்க நிழல். மேற்கு ஜன்னலை ஒரு சாண் திறந்து வைங்க. அந்த ஜன்னலுக்கு வெளியே மூங்கில் சிக், அதாவது மூங்கில் தட்டி ஒண்ணு தொங்கவிடணும். உள்ளே திரை போட்டா வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்து திரையைச் சூடாக்கும், திரை ரூமைச் சூடாக்கும். வெளியே தடுத்தாதான் தடுத்த கணக்கு.

புதுசு வாங்காதீங்க. தகர பாடி கூலர் செகண்ட்ஹேண்ட் கிடைக்கும். மோட்டார் சத்தத்தைக் கேளுங்க, அடியில துரு ஓட்டை இருக்கான்னு தண்ணி ஊத்திப் பாருங்க. பம்பையும் புல்லையும் எப்படியும் புதுசு போடணும். இங்க காஸ்னு சொல்றாங்க, மரச்சீவல்தான் அது.

ஏசி_கட்சி | மே 13, பகல் 1.15

சரி, கேக்கறேன். 42 டிகிரியில எவ்வளவு குறையும்? "சுகமா இருக்கும்"னெல்லாம் வேண்டாம், எண்ணாச் சொல்லுங்க.

ஈரக்குமிழ் | மே 13, மாலை 4.48

எண் வேணும்னா நான் இருக்கேன். பேரைப் பார்த்தாலே தெரியும்.

தெர்மாமீட்டர் குமிழ்ல ஈரத்துணி சுத்தி விசிறினா அது எவ்வளவு இறங்குமோ, கூலரோட எல்லை அதுதான். அதுக்குக் கீழ எந்தக் கூலராலயும் போக முடியாது. 42 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம்னா, அதாவது டெல்லியில லூங்கற அனல்காத்து அடிக்கிற சாதாரண மத்தியானம், ஈரக்குமிழ் வெப்பம் சுமார் 24. நடுவுல 18 டிகிரி இடைவெளி. நல்ல புல் போட்ட கூலர் அதுல முக்கால்வாசியைப் பிடிக்கும்னு வைங்க, வாயில வர்ற காத்து 28, 29. ராத்திரி 32 டிகிரி, ஈரப்பதம் 35-ன்னா 24 வரைக்கும்கூட வரும்.

மழை இறங்கினதும் கதை மாறும். 34 டிகிரி, ஈரப்பதம் 75. ஈரக்குமிழே 30. கூலர் வாயில 31. மூணு டிகிரியைக் குறைச்சு, ஈரத்தை மட்டும் தாராளமா ஏத்தும். அதனால ஏசி_கட்சி மூணு வருஷம் வீணாக்கினதா சொல்றது ஜூலை, ஆகஸ்ட் ஞாபகமா இருக்கும். மே மாசத்து ஞாபகமா இருக்காது.

இன்னொண்ணு. கூலர் தொட்டியில ஐஸ் கட்டி போடறாங்களே, அது காசைத் தண்ணியில போடறதேதான். ஒரு கிலோ ஐஸ் உருக எடுத்துக்கற வெப்பம் 334 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணி ஆவியாக எடுத்துக்கறது சுமார் 2,430. ஏழு மடங்குக்கு மேல! யூனிட் கணக்குல சொன்னா, ஒரு லிட்டர் ஆவியானா 0.67 யூனிட் அளவு சூட்டைத் தூக்கிக்கிட்டுப் போகுது. மணிக்கு அஞ்சு லிட்டர் குடிக்கிற கூலர் 3.3 யூனிட் சூட்டை விழுங்குது, அதுக்கு அது எடுக்கிற கரெண்ட் 0.2 யூனிட்கூட இல்லை. கருப்புத் தொட்டியிலேர்ந்து கொதிக்கிற தண்ணி வருதேன்னும் கவலைப்படாதீங்க, பம்ப் நாலு சுத்து சுத்தினா அதுவே ஈரக்குமிழ் சூட்டுக்கு இறங்கிடும்.

மோட்டார், பம்ப் எல்லாம் சேர்த்து 180 வாட்னா, பத்து மணி நேரத்துக்கு 1.8 யூனிட். உங்க வீட்டுக்காரர் ரேட்ல 18 ரூபாய். ஒன்றரை டன் ஏசி எட்டு மணி நேரம் ஓடினா 8 யூனிட்டுக்குக் குறையாது.

முனிர்க்கா_மீனா | மே 13, மாலை 5.03

நாலு வருஷம் நான் ஐஸ் போட்டிருக்கேன் 🙄 பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துடறேன்.

ஆர்கேபுரம்_மாமி | மே 13, இரவு 8.30

எல்லாரும் பேஷா சொல்லிண்டிருக்கேள். நான் ரெண்டு விஷயம் சொல்லிட்டுப் போறேன்.

தகரக் கூலர்னா எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாத்துக்கோ. ஓடிண்டிருக்கச்சே தண்ணி விடவே கூடாது. ஸ்விட்சை அணைச்சு, பிளக்கைப் பிடுங்கிட்டு அப்பறம் பக்கெட்டைத் தூக்கு. எங்க குவார்ட்டர்ஸ்ல கூலர்ல ஷாக் அடிச்சு ஒரு குழந்தை மயிர் இழையில தப்பிச்சுது. அந்த அலறல் இன்னும் என் காதுல இருக்கு. காசு மிச்சம் பண்ற சாமர்த்தியத்தை இதுல காட்டாதே.

வாரத்துக்கு ஒரு தரம் தொட்டியைக் காலி பண்ணி, பக்கச் சுவரை பிரஷ் போட்டுத் தேச்சு வெயில்ல காய வை. தண்ணியை மாத்தினா மட்டும் போறாது. டெங்கு கொசு முட்டை சுவத்துல ஒட்டிண்டிருக்கும், காஞ்சாலும் சாகாது, மறுபடி தண்ணி பட்டா பொரிஞ்சுடும். மாநகராட்சிக்காரா வந்து டார்ச் அடிச்சுப் பாப்பா, புழு நெளிஞ்சா நோட்டீஸ். இந்த ஊர் தண்ணி உப்பு வேற. பழைய தண்ணியைக் கொட்டாம மேல மேல ரொப்பிண்டே இருந்தா புல்லுல சுண்ணாம்பு கட்டி காத்தே வராது.

வெட்டிவேர் இருந்தா ஒரு பிடி புல்லுக்குள்ள சொருகி வை. அதனால சூடு கூடக் குறையும்னெல்லாம் நான் சொல்லலை. வாசனைக்குத்தான். ராத்திரி ஒரு மணிக்கு அந்த வாசனை வந்தா கும்பகோணத்துல எங்க பாட்டி ஆம் ஞாபகம் வரும். இதுக்குக் கணக்கு கேக்காதேங்கோ ஈரக்குமிழ்!

ஈரக்குமிழ் | மே 13, இரவு 8.41

கேக்கலை மாமி. எனக்கும் ஒரு பிடி எடுத்து வைங்க.

லட்சுமிநகர்_வாசகி | மே 14, காலை 10.12

கொஞ்சம் குறுக்கே வரேன். ஏசி வேண்டாம்ங்கறது ஒரு வீரம் மாதிரி ஆகிடக்கூடாது.

2024 ஜூன் ஞாபகம் இருக்கா? ராத்திரிக் குறைந்தபட்சமே 35-ஐத் தாண்டின நாள் உண்டு. அந்த வாரம்தான் எங்கம்மா விழுந்தாங்க. 71 வயசு. ஃபேன், கூலர் எல்லாம் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. ஆனா தெருவுக்கே தண்ணி வரலை, கூலர் வெறும் ஃபேனா சுத்திக்கிட்டு இருந்துருக்கு. நான் ஆபீஸ்ல. சாயங்காலம் வந்து கதவைத் திறந்தா, அம்மா என்னைப் பார்த்து "யாரும்மா நீ?"ன்னாங்க. தொட்டா நெருப்பு. வேர்வையே இல்லை. கீழ்வீட்டு அக்காதான் நைட்டியோட அப்படியே தண்ணியைக் கொட்டி, ஈரத்துணி போட்டு விசிறிக்கிட்டே இருந்தாங்க, ஆட்டோ வர்ற வரைக்கும். ஆஸ்பத்திரியில டாக்டர், அந்தத் தண்ணிதான் காப்பாத்துச்சுன்னார்.

பேச்சு குழறினாலோ ஆளு தெரியாமப் போனாலோ எலுமிச்சை ஜூஸ் போட்டு நேரத்தை வீணாக்காதீங்க. நினைவு தெளிவா இல்லாதவங்க வாயில எதையும் ஊத்தவும் கூடாது. உடம்பை நனைச்சு, விசிறி, 112-க்கு அடிங்க. வீட்ல வயசானவங்களோ கைக்குழந்தையோ இருந்தா கடனை வாங்கியாவது ஒரு ரூமுக்கு ஏசி போட்டுடுங்க. 26, 27-ல வச்சு மேலே ஃபேன் சுத்தினா போதும், கரெண்டும் அவ்வளவு இழுக்காது. நாங்க அப்படித்தான் போட்டோம்.

துவாரகா_பென்ஷனர் | மே 14, காலை 10.50

அம்மா சொன்னது முழுக்க சரி. நான் மேலே எழுதியது இருபத்தைந்து வயசுக்காரருக்கு.

ஏசி_கட்சி | மே 14, பகல் 12.20

இதைத்தான் சொல்ல வந்தேன், கிண்டலாச் சொல்லிட்டேன். மன்னிக்கணும்.

செகண்ட்ஹேண்ட் ஏசி வாங்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. நான் ஒரு கடையில 9,000-க்கு ஜன்னல் ஏசி எடுத்தேன். கடையில குளுகுளுன்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் வெறும் காத்துதான். கேஸ் கசிவுன்னு ஒருத்தர் 2,500, கம்ப்ரஸர்னு இன்னொருத்தர் 4,000. கடைக்காரர் போனையே எடுக்கலை. மலிவு பார்த்துப் போனேன், புது ஏசி விலையில முக்கால்வாசி போயிடுச்சு.

தம்பிக்கு ஒரு கேள்வி. உங்க பேர்ல மீட்டர் கேட்டுப் பார்த்தீங்களா? டெல்லியில மாசம் 200 யூனிட் வரைக்கும் கட்டணமே இல்லை, 400 வரைக்கும் பாதி, 2019-லேர்ந்து. அதே வருஷம் வாடகைக்காரங்களுக்குன்னு தனி ப்ரீபெய்ட் மீட்டர் திட்டமும் அறிவிச்சாங்க. சப் மீட்டர்ல 10 ரூபாய் கொடுக்கற உங்களுக்கு ஒரு பைசா சலுகையும் வராது.

பர்சாதிவாசி | மே 14, பகல் 12.58

மீட்டர்னு வாயைத் திறந்தா "அடுத்த மாசம் ரூம் காலி பண்ணு"ம்பார் அண்ணே. பரீட்சை முடியட்டும்.

சுண்ணாம்பு அடிக்கக் கேட்டேன். "அடிச்சுக்கோ, காசு நான் தரமாட்டேன்"னார். அதுவே பெரிசு.

பர்சாதிவாசி | மே 19, இரவு 11.20

எல்லாருக்கும் கணக்கு ஒப்படைக்கிறேன்.

ஞாயித்துக்கிழமை காலையில நாலே முக்காலுக்கு மாடி ஏறினோம். பக்கத்து ரூம்ல சேலம்காரப் பையன் ஒருத்தன், ரெண்டு பரோட்டாவுக்குச் சம்மதிச்சு வந்தான். இரும்பு ஏணி, ஒரு கையில பக்கெட், இன்னொரு கையில உயிர். தளம் நான் நினைச்ச மாதிரி சாம்பல் நிறம் இல்லை, தோசைக்கல் கருப்பு. கம்பித் துடைப்பம் போட்டு ஒரு மணி நேரம் தேச்சோம், பக்கெட் பக்கெட்டா கருப்புத் தண்ணி ஓடுச்சு. முதல் கை அடிச்சப்ப மனசே விட்டுப் போச்சு. சுண்ணாம்பு ஈரத்துல கண்ணாடி மாதிரி இருந்துச்சு, வெள்ளையே தெரியலை. ஏமாந்துட்டோம்னு நினைச்சோம். அரை மணியில காயக் காய, போட்டோ பிரிண்ட் தெளியற மாதிரி மெல்ல வெள்ளை ஏறிச்சு. ரெண்டாவது கை முடிக்கறப்ப மணி ஏழரை. கண்ணைத் திறந்து பார்க்க முடியலை, அவ்வளவு கூச்சம். சார் சொன்ன கண்ணாடி அப்பதான் உதவிச்சு.

அன்னைக்கு மத்தியானம் மூணு மணிக்கு மறுபடி ஏறினேன். எங்க பக்கத்துல வெறுங்கையை வைக்க முடிஞ்சுது. பக்கத்து மாடித் தளத்துல ஒரு விரலை வச்சேன், உதறிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு, அதே மாதிரி ஒரு நாள், ராத்திரி பன்னிரண்டுக்கு வெளியே 32.5. உள்ளே 34.1. முன்னாடி 37.4. கூலரே இன்னும் வாங்கலை அப்போ!

கூலர் நேத்துதான் வந்துச்சு. மீனா அக்கா சொன்னபடி தண்ணி ஊத்தினேன், முதல் ரெண்டு கூலர் அழுதுச்சு, மூணாவதை எடுத்தேன். முதல் ராத்திரி வேலை செய்யலை. பால்கனிப் பக்கம் ஒரே சுடுகாத்து. பிரிச்சுப் பார்த்தா, மேல தண்ணி சொட்டற குழாய்ல பாதி ஓட்டை உப்படைச்சுக் கிடக்கு. நடுவுல புல் காய்ஞ்ச வைக்கோலா நிக்குது. சேஃப்டி பின்னால ஒவ்வொரு ஓட்டையாக் குத்தி எடுத்தேன், இருபத்திரண்டு ஓட்டை. அப்புறம் தண்ணி சீரா இறங்குச்சு. இப்ப தெர்மாமீட்டர் 28.6. போர்வை எடுக்கலாமான்னு யோசிக்கிறேன்.

செலவு: சுண்ணாம்பு, ஃபெவிகால், பிரஷ் எல்லாம் சேர்த்து 640. கூலர் 2,300. புல் 240. பம்ப் 250. மூங்கில் சிக் 450. மொத்தம் 3,880. பரோட்டா கணக்குல சேர்க்கலை. எர்த் பார்க்க எலக்ட்ரீஷியன் நாளைக்கு வரார் மாமி, அதுவரைக்கும் ரப்பர் செருப்போடதான் கிட்டவே போறேன்.

ஆர்கேபுரம்_மாமி | மே 20, காலை 5.40

செருப்பை நம்பாதே. எர்த் பாக்கற வரைக்கும் போடவே போடாதே. ஒரு நாள் வேர்த்தா ஒண்ணும் ஆகாது.

திருநெல்வேலிக்காரன் | மே 20, காலை 8.15

3,880-ல 8.8 டிகிரி. சரி, சுண்ணாம்பைப் பத்திச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிடுதேன். எங்க சொசைட்டி மாடிக்கு ஆன தொகையை இங்க எழுத மாட்டேன்.

ஈரக்குமிழ் | மே 20, காலை 9.02

சின்னத் திருத்தம். சுண்ணாம்புக்கு 3.3, அதுவும் அன்னைக்கு வெளியே அரை டிகிரி கூட இருந்தும். மிச்சம் 5.5 கூலரும் சிக்கும் சேர்ந்து. சுண்ணாம்பு மட்டும் பார்த்தா டிகிரிக்கு 194 ரூபாய், மத்ததெல்லாம் சேர்த்தா டிகிரிக்கு 589. சார் சொன்ன வரிசையை ரூபாய்க் கணக்கும் ஒத்துக்குது.

முனிர்க்கா_மீனா | மே 20, காலை 9.30

இவருக்கு யாராவது கல்யாணம் பண்ணி வைங்க.

பர்சாதிவாசி | ஜூலை 9, இரவு 10.05

இழையைத் தூசி தட்டறேன். மழை வந்தாச்சு. ஈரக்குமிழ் சொன்ன மாதிரியே கூலர் செத்துடுச்சு. இப்ப போட்டா புத்தகத்துப் பக்கமெல்லாம் நமத்துப்போகுது. பம்பை நிறுத்திட்டு வெறும் ஃபேனா ஓட்டறேன். மிச்சம் இருந்த 1,120-ஓட கொஞ்சம் சேர்த்து டேபிள் ஃபேன் ஒண்ணு வாங்கி, மேற்கு ஜன்னல்ல வெளிப்பக்கமாத் திருப்பி வச்சிருக்கேன், உள்காத்தை வெளியே தள்ள. சுமாரா இருக்கு. ஏசி_கட்சி அண்ணன் சிரிக்கறது இங்க கேக்குது.

ஏசி_கட்சி | ஜூலை 9, இரவு 10.11

சிரிக்கலை. இங்க கரெண்ட் போய் ஒன்றரை மணி நேரம் ஆச்சு.

பர்சாதிவாசி | ஜூலை 9, இரவு 10.14

😂 அண்ணே!

சுண்ணாம்புத் தூள் மூணு கிலோ மிச்சம் இருக்கு, நல்லாக் கட்டி வச்சிருக்கேன், ஈரம் படலை. கம்பித் துடைப்பமும் இருக்கு. ராஜிந்தர் நகர், கரோல் பாக் பக்கம் யாருக்காவது அடுத்த வருஷத்துக்கு வேணும்னா வந்து எடுத்துக்கலாம். ஏணி மட்டும் வீட்டுக்காரரோடது.